வருகைப் பதிவு யார் கையில்?

2015 ஜனவரி 20ஆம் தேதி, அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளமான ஹெல்த்கேர்.கவ் பற்றி அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. காப்பீடு தேடி அந்தத் தளத்துக்கு வருபவர்களைப் பற்றிய விவரங்கள் வெளி நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்பதுதான் செய்தி. இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் தானும் சோதித்துப் பார்த்து அதை உறுதிசெய்தது. சோதனைக்காக நிரப்பிய படிவத்தின் விடைகள் எல்லாம் பக்கத்தின் முகவரியிலேயே வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன: வயது 40, புகைப்பழக்கம் 1, கர்ப்பம் 1, அஞ்சல் குறியீடு 85601, மாநிலம் அரிசோனா, வருமானம் 35000. '1' என்றால் 'ஆம்'. இப்படிப்பட்ட விவரங்கள் விளம்பர நிறுவனமான டபுள்கிளிக் உட்படக் குறைந்தது 14 வெளித்தளங்களுக்குப் போயின.

இதில் யாரும் ஊடுருவித் தகவல் திருடவில்லை. தளம் எப்படி இயங்குகிறது, எந்தப் பக்கத்தில் மக்கள் தடுமாறுகிறார்கள் என்று அறிந்து சரிசெய்வதற்காக அரசே அந்தக் கருவிகளைப் பொருத்தியிருந்தது. அரசின் விளக்கமும் அதுவே. விவரம் வெளியே போனது உலாவியின் பழைய வழக்கம் ஒன்றால். ஒரு பக்கத்தில் இருந்துகொண்டு வேறொரு சர்வரிடம் படமோ ஸ்கிரிப்டோ கேட்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறது என்ற முகவரியையும் உலாவி சேர்த்தே அனுப்பும். முகவரியில் கர்ப்பம் இருந்தால் கர்ப்பமும் போகும். செய்தி வெளியான சில நாட்களில் அரசு இந்தத் தகவல் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டது. குரோம் உலாவியும் 2020இல் இந்த வழக்கத்தைச் சுருக்கி, வேறு தளங்களுக்கு இயல்பாகத் தளத்தின் பெயரை மட்டும் சொல்லும்படி மாறியது. ஆனால் வருகையை அளக்கும் ஸ்கிரிப்டுகள் பக்கத்தின் முழு முகவரியைத் தாமே படித்து அனுப்புபவை. அந்த மாற்றம் அவற்றைத் தொடவில்லை.

இணையதளம் நடத்துபவருக்கு எத்தனை பேர் வந்தார்கள், எதைப் படித்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும். சிற்றிதழுக்கும் வேண்டும், மருத்துவமனைக்கும் வேண்டும், அரசுத் துறைக்கும் வேண்டும். அந்த விருப்பத்தில் தவறில்லை. எண்ணும் வேலையை வெளியாள் ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, வந்தவர்களைப் பற்றிய அறிவும் அவரிடம் போய்ச் சேருகிறது என்பதுதான் சிக்கல். மருத்துவமனை வாசலில் வருகிறவர்களை எண்ண ஓர் ஆளை உட்காரவைக்கலாம். அதே நிறுவனத்தின் ஆள் வங்கி வாசலிலும் பள்ளி வாசலிலும் வக்கீல் அலுவலக வாசலிலும் உட்கார்ந்து, எல்லாக் குறிப்பேடுகளையும் ஒரே இடத்துக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் எண்ணிக்கை இல்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை நம்மில் பெரும்பாலோர் ஒரு முடிவாக எடுப்பதே கிடையாது. தளம் கட்டித்தருபவர் சில வரி நிரலை வெட்டி ஒட்டுகிறார், அத்தோடு முடிந்தது.

தொடக்கத்தில் இந்தக் கணக்கு தளத்துக்குள்ளேயே இருந்தது. பக்கம் கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் ஒரு வரியாகக் குறித்துவைக்கும்: எந்த ஐ.பி. முகவரி, எந்த நேரம், எந்தப் பக்கம், கொடுத்தாயிற்றா இல்லையா, எத்தனை பைட். இந்த லாக் ஃபைலைக் கூட்டிக் கழித்து நாள்வாரியாகவும் பக்கவாரியாகவும் அறிக்கை தரும் மென்பொருள்கள் வந்தன. கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் 1995இல் எழுதிய 'அனலாக்' அவற்றில் பெயர்பெற்ற ஒன்று. தரவு வெளியே போக வேண்டிய தேவையே எழவில்லை. குறைகள் இருந்தன. தேடுபொறிகளின் தானியங்கிகளும் மனிதர்களும் ஒரே பட்டியலில் கலந்து நிற்பார்கள். உலாவி தன்னிடம் சேமித்துவைத்த நகலைக் காட்டிவிட்டால் சர்வருக்குச் செய்தியே வராது. லாக் ஃபைலைத் தொட்டுப் பார்க்கும் தொழில்நுட்ப அறிவும் பலருக்கு இருக்கவில்லை. பக்கம் திறந்ததும் உலாவிக்குள் ஓடி, எண்ணுபவரின் சர்வருக்குச் செய்தி அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இந்தக் குறைகளைப் பெருமளவு தீர்த்தது. கணக்கு வெளியூருக்குக் குடிபோனதும் அப்போதுதான்.

சான் டியேகோவில் இயங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005இல் கூகுள் வாங்கியது. மாதம் 199 டாலருக்கு விற்கப்பட்ட சேவை, அதே ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமானது. கூட்டம் தாங்காமல் சில நாட்களிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைத்தார்கள்; 2006 ஆகஸ்டில்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு, 310 கோடி டாலருக்கு டபுள்கிளிக்கை வாங்கப்போவதாகக் கூகுள் அறிவித்தது. வருகையை அளக்கும் கருவியும் விளம்பரத்தை விற்கும் கருவியும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 2016இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் எங்கிள்ஹார்ட்டும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் நாராயணனும் உலகின் முன்னணித் தளங்கள் பத்து லட்சத்தை மென்பொருள்கொண்டு திறந்து ஆராய்ந்தார்கள். அவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுத் தளங்களில் கூகுள் அனலிட்டிக்ஸ் இருந்தது. மிகப் பரவலாகக் காணப்பட்ட முதல் ஐந்து மூன்றாம் தரப்புகளும் கூகுளுக்குச் சொந்தமானவை.

என்னதான் போகிறது என்று அறிய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கணினியில் ஒரு செய்தித்தளத்தைத் திறந்து, எஃப்12 பொத்தானை அழுத்தி, 'நெட்வொர்க்' என்ற பகுதிக்குப் போய், பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். வரிகள் மளமளவென்று இறங்கும். படங்களும் எழுத்துருக்களும் போக, நீங்கள் கேட்டிராத முகவரிகளுக்குப் போகும் வரிகள் அவற்றில் இருக்கும். கூகுள் அனலிட்டிக்ஸ் உள்ள தளமானால் 'கலெக்ட்' என்ற சொல்லோடு ஒரு வரி கிடைக்கும். அதைச் சொடுக்கினால் உள்ளடக்கம் விரியும்: பக்கத்தின் முழு முகவரி, அதன் தலைப்பு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள், திரையின் அகலமும் உயரமும், உலாவியின் மொழி. மொழியைத் தமிழில் வைத்திருந்தால் தமிழ் என்றே போகும். நடுவில் புள்ளி வைத்த ஓர் இரட்டை எண்ணும் இருக்கும். அதன் முதல் பாதி உங்களுக்கென்று குலுக்கிப்போட்ட எண். இரண்டாம் பாதி நீங்கள் முதன்முதலில் அந்தத் தளத்துக்கு வந்த நொடி, 1970 ஜனவரி 1 முதல் நொடிகளாக எண்ணப்பட்டது. இந்த எண் உங்கள் உலாவியில் இரண்டாண்டு தங்கும்படி குக்கியாக எழுதப்படும். நீங்கள் மறுபடி வரும்போதெல்லாம் அந்த இரண்டாண்டு புதிதாகத் தொடங்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நிரல் மூன்றாம் தரப்பினுடையது. ஆனால் அந்தக் குக்கியை அது தளத்தின் சொந்தப் பெயரிலேயே எழுதிவைக்கிறது. ஆகவே மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் வசதியை உலாவியில் இயக்கினாலும் இந்தக் குக்கி நிற்காது. குரோம் உலாவி மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஒழிக்கப்போவதாக 2020இல் அறிவித்து, தள்ளிப்போட்டு, 2024இல் கைவிட்ட நீண்ட விவாதம் முழுவதும் இந்தப் பகுதியைத் தொடாமலே போயிற்று. ஒவ்வொரு தளத்திலும் உங்களுக்கு வேறு வேறு எண் தரப்படுகிறது, அதனால் அடையாளம் தெரியாது என்று சொல்லப்படுவதுண்டு. எண்ணோடு ஐ.பி. முகவரியும் உலாவியின் விவரங்களும் சேர்ந்தே போகின்றன. அதே உலாவியில் ஜிமெயிலைத் திறந்து வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். எண் ஒரு பெயர் ஆகுமா என்ற இந்தக் கேள்வியைத்தான் ஆஸ்திரியா எடுத்துக்கொண்டது.

வியன்னாவில் வழக்கறிஞர் மேக்ஸ் ஷ்ரெம்ஸ் நிறுவிய 'நொய்ப்' என்ற அமைப்பு, 2020 ஆகஸ்டில் ஐரோப்பாவின் 30 நாடுகளில் 101 தளங்கள்மீது ஒரே நேரத்தில் புகார் கொடுத்தது. அதற்கு முந்தைய மாதம், ஜூலை 16இல், ஐரோப்பியக் குடிமக்களின் தரவை அமெரிக்காவுக்கு அனுப்ப வழிசெய்திருந்த ஒப்பந்தத்தை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்திருந்தது. அமெரிக்க உளவு அமைப்புகள் கேட்டால் அங்குள்ள நிறுவனங்கள் வெளிநாட்டினரின் தரவைக் கொடுத்தாக வேண்டும், அதை எதிர்த்து முறையிட அந்த வெளிநாட்டவருக்கு வழியில்லை என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்புக்குப் பிறகும் கூகுள் அனலிட்டிக்ஸையோ ஃபேஸ்புக்கின் இணைப்புக் கருவியையோ வைத்திருந்த தளங்கள்மீதுதான் அந்தப் புகார்கள். அவற்றில் ஒன்று நெட்டாக்டர் என்ற ஆஸ்திரிய மருத்துவத் தகவல் தளத்தின்மீது. நோய்களைப் பற்றிப் படிக்க மக்கள் வரும் இடம் அது.

2021 டிசம்பர் 22ஆம் தேதியிட்ட முடிவில் ஆஸ்திரியத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னவற்றை ஊன்றிப் படிக்க வேண்டும். பெயர் தெரிந்தால்தான் தனிநபர் தரவு என்பதில்லை. கூட்டத்திலிருந்து ஒருவரைத் தனியே பிரித்துக் காட்ட முடிந்தால் போதும். குக்கியில் இருந்த எண், ஐ.பி. முகவரி, உலாவி விவரங்கள் மூன்றும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. புகார் கொடுத்தவர் அந்த நேரத்தில் கூகுள் கணக்கில் நுழைந்திருந்ததும் கணக்கில் கொள்ளப்பட்டது. தரவு மையங்களைச் சுற்றி வேலி போட்டிருக்கிறோம், தரவைக் குறியாக்கம் செய்து வைத்திருக்கிறோம் என்று கூகுள் தன் பாதுகாப்பு ஏற்பாடுகளை அடுக்கியது. குறியாக்கத்தின் சாவி கூகுளிடமே இருக்கும்போது, சட்டப்படி கேட்டால் அதையும் கொடுக்க வேண்டியிருக்கும்போது, அந்த ஏற்பாட்டால் பயனில்லை என்று ஆணையம் ஒதுக்கிவிட்டது.

என்னைப் பொறுத்தவரை அந்த முடிவின் மிகக் கனமான பகுதி அடுத்து வருவது. கூகுள்மீதான புகாரை ஆணையம் தள்ளுபடி செய்தது. தரவை அயல்நாட்டுக்கு அனுப்புவது பற்றிய விதி அனுப்புபவரைக் கட்டுப்படுத்துவது, பெறுபவரை அல்ல என்றது. அனுப்பியவர் யார்? நிரலைத் தன் பக்கத்தில் ஒட்டிய தளத்தின் உரிமையாளர். 2019இலேயே ஃபேஷன் ஐ.டி. என்ற ஜெர்மானியத் துணிக்கடையின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதே திசையில் பேசியிருந்தது. ஃபேஸ்புக்கின் 'லைக்' பொத்தானைத் தன் பக்கத்தில் வைத்த கடைக்காரர், வாடிக்கையாளரின் தரவைத் திரட்டி அனுப்பும் அந்தக் கட்டத்துக்கு ஃபேஸ்புக்கோடு சேர்ந்து பொறுப்பாளி ஆகிறார் என்பது அந்தத் தீர்ப்பு. பெரிய நிறுவனங்களைக் குறைசொல்வது எளிது, பெரும்பாலும் நியாயமும்கூட. ஆனால் வாசகரை அவர்களிடம் அழைத்துப்போனவர் நாம்தான் என்று இந்த இரண்டு முடிவுகளும் சொல்கின்றன. அது சரியென்றே நான் நினைக்கிறேன்.

ஆஸ்திரியாவுக்குப் பிறகு 2022இல் பிரான்ஸ், இத்தாலி, டென்மார்க் நாடுகளின் ஆணையங்கள் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தன. 2023 ஜூலை 3ஆம் தேதி ஸ்வீடனின் ஆணையம், தொலைத்தொடர்பு நிறுவனமான டெலி2வுக்கு 1.2 கோடி குரோனர் அபராதம் விதித்தது. ஒரே வாரத்தில், ஜூலை 10ஆம் தேதி, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான புதிய தரவு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. தரவை அனுப்புவது மறுபடி சட்டப்படி சாத்தியமானது. அனுப்பலாமா கூடாதா என்ற கேள்வி இப்படி அரசுகளுக்கிடையே ஊசலாடும். ஓர் எண்ணே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் என்பதும், பொறுப்பு தளக்காரருடையது என்பதும் அந்த ஊசலாட்டத்தால் மாறவில்லை.

அமெரிக்காவில் இதே விஷயம் நோயாளிகள் வழியாக வெளியே வந்தது. 2022 ஜூன் 16ஆம் தேதி 'தி மார்க்அப்' என்ற புலனாய்வு இதழ், நாட்டின் முன்னணி மருத்துவமனைகள் நூறில் 33இன் தளங்களில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் கண்காணிப்பு நிரலான மெட்டா பிக்சல் இருப்பதையும், நோயாளி மருத்துவரின் நேரம் கேட்டுப் பொத்தானை அழுத்தும்போது அது ஃபேஸ்புக்குக்குச் செய்தி அனுப்புவதையும் வெளியிட்டது. கிளீவ்லாந்தில் உள்ள ஒரு மருத்துவமனையின் பக்கத்தில் இதழாளர்கள் அழுத்திப் பார்த்தபோது, பொத்தானில் இருந்த எழுத்து, மருத்துவரின் பெயர், அவரைக் கண்டுபிடிக்கத் தேடிய சொல் மூன்றும் போயின. தேடிய சொல் கருக்கலைப்பு. எட்டு நாள் கழித்து, ஜூன் 24இல், கருக்கலைப்புக்கு இருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. பல மாநிலங்களில் அது குற்றமானது. தரவு சேகரிக்கப்படும்போது பாதிப்பில்லாததாக இருந்து, பிறகு சட்டமோ ஆட்சியோ மாறும்போது ஆபத்தாக மாறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அதே ஆண்டு அக்டோபரில் அட்வகேட் அரோரா என்ற மருத்துவமனைக் குழுமம், இத்தகைய கருவிகள் வழியாக விவரம் போயிருக்கக்கூடும் என்று 30 லட்சம் நோயாளிகளுக்கு அறிவித்தது. ஸ்வீடனில் 2024 ஆகஸ்டில் அப்போடெக்கெட் என்ற அரசு மருந்துக்கடை நிறுவனத்துக்கு 3.7 கோடி குரோனர் அபராதம். மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கும் பொருள்கள், சுயபரிசோதனைக் கருவிகள் பற்றிய விவரங்கள் அங்கிருந்து மெட்டாவுக்குப் போயிருந்தன.

இன்னொரு ஆபத்து அதிகம் பேசப்படுவதில்லை. வெளியாரின் ஸ்கிரிப்டை ஏற்றுவது என்றால் அவரது சர்வரில் இன்று என்ன இருக்கிறதோ அதை நம் பக்கத்தில் இயங்க விடுவது. நேற்று நாம் சோதித்த நிரல் இன்றும் அதே நிரலாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 2018 நவம்பரில், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் பயன்படுத்திய ஸ்டாட்கவுன்டர் என்ற வருகைக் கணக்குச் சேவையின் ஸ்கிரிப்டில் தாக்குநர்கள் சில வரிகளைச் செருகினார்கள். பக்கத்தின் முகவரியில் பிட்காயின் எடுக்கும் பகுதிக்குரிய சொற்கள் இருக்கின்றனவா என்று அந்த வரிகள் பார்க்கும். இருந்தால், பணம் போய்ச்சேர வேண்டிய முகவரியைத் தாக்குநரின் முகவரியாக மாற்றிவிடும். அப்படி முகவரி அமைந்திருந்தது கேட்.ஐஓ என்ற கிரிப்டோ சந்தைக்கு மட்டுமே. ஈசெட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு சந்தையைக் குறிவைத்து இருபது லட்சம் தளங்களின் வழியாகப் போயிருக்கிறார்கள். அந்தத் தளங்களின் உரிமையாளர்கள் செய்த வேலை பார்வையாளர்களை எண்ணியது மட்டும்தான்.

இவ்வளவு கொடுத்து நாம் பெறும் எண்ணிக்கையாவது சரியா? விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் கணக்கிலேயே வருவதில்லை. ஆப்பிளின் சஃபாரி உலாவி, ஸ்கிரிப்ட் எழுதிவைக்கும் குக்கிகளை 2019 முதல் ஏழு நாளில் அழித்துவிடுகிறது. ஐபோனில் பத்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் உங்கள் இதழைப் படிக்க வரும் வாசகி ஒவ்வொரு முறையும் புதியவராகப் பதிவாகிறார். மூன்று மாதத்தில் ஒரே ஆள் ஒன்பது 'புதிய வாசகர்கள்' ஆகிவிடுகிறார். கூகுள் அனலிட்டிக்ஸின் முந்தைய பதிப்பான, 2023 வரை இருந்த யுனிவர்சல் அனலிட்டிக்ஸில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில் செலவிட்ட நேரத்தை அடுத்த பக்கத்தைத் திறக்கும் நேரத்தைக் கொண்டுதான் அது கணக்கிட்டது. அடுத்த பக்கம் திறக்காவிட்டால் கழிக்க எண் இல்லை. நீண்ட கட்டுரை ஒன்றை அரைமணி நேரம் ஊன்றிப் படித்துவிட்டு மூடியவரின் நேரம் பூஜ்யம் என்றே பதிவானது. தலைப்பைப் பார்த்ததும் ஓடிவிட்டவருக்கும் அதே பூஜ்யம். நீண்ட கட்டுரையை யாரும் படிப்பதில்லை என்று ஓர் ஆசிரியர் குழு இதைவைத்து முடிவெடுத்தால், அது எழுத்துக்குச் செய்த அநியாயம். அடுத்து வந்த பதிப்பில் பத்து நொடிக்குமேல் இருந்தால் ஈடுபாடுள்ள வருகை என்று மாற்றினார்கள். பத்து நொடி என்பதும் யாரோ வைத்த அளவுதான்.

அந்தக் கணக்கு நம்முடையதும் அல்ல. யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைப் பதிவுசெய்வதை நிறுத்தியது. ஓராண்டு கழித்துப் பழைய தரவும் அழிக்கப்பட்டது. தரவிறக்கிக்கொள்ளாதவர்கள் பத்தாண்டுக்கு மேற்பட்ட தங்கள் வரலாற்றை இழந்தார்கள். இப்போதுள்ள இலவசப் பதிப்பில் தனித்தனி வருகையாளர் அளவிலான தரவு இயல்பாக இரண்டு மாதம் இருக்கும். அமைப்பை மாற்றினால் பதினான்கு மாதம்.

மாற்று வழிகள் நெடுநாளாகவே இருக்கின்றன. 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி 2018இல் பெயர் மாறிய மடோமோ என்ற கட்டற்ற மென்பொருளை நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். கூகுளுடையதைப் போன்ற அறிக்கைகள் எல்லாம் கிடைக்கும், தரவு வெளியே போகாது. கோஆக்சஸ் என்ற மென்பொருள் லாக் ஃபைலை நேரடியாகப் படித்து அறிக்கை தரும். எஸ்டோனியாவில் உருவான பிளாசிபிள் என்ற சேவையின் முறை எனக்குப் பிடித்தது. அது குக்கி வைப்பதில்லை. ஐ.பி. முகவரி, உலாவியின் விவரம், தளத்தின் பெயர் மூன்றையும் அன்றைக்கென்று உருவாக்கிய ஒரு ரகசிய எண்ணோடு கலந்து அடையாளக் குறி ஒன்றை உண்டாக்குகிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் அந்த ரகசிய எண்ணை அழித்துவிடுகிறது. இன்று வந்தவர்தான் நேற்றும் வந்தாரா என்று பிளாசிபிளுக்கே தெரியாது. ஆனால் இன்று எத்தனை பேர் வந்தார்கள், எதைப் படித்தார்கள் என்பது தெரியும். ஒரு சிற்றிதழுக்கோ நூலகத்துக்கோ அறக்கட்டளைக்கோ இதற்குமேல் தேவைப்படும் சந்தர்ப்பம் மிக அரிது. விளம்பரத்துக்குச் செலவிட்ட பணம் விற்பனையாக மாறுகிறதா என்று பார்க்கும் வணிகத் தளங்களுக்கு இது போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கும் பணம் செலுத்தும் பக்கத்திலும் உடல்நலப் பக்கத்திலும் வெளியார் நிரல் தேவையில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ 2020இல் தன் தளங்களிலிருந்து மூன்றாம் தரப்புக் கண்காணிப்புக் கருவிகளை நீக்கிவிட்டதாக அறிவித்தது. மென்பொருள் விற்கும் பெரிய நிறுவனத்துக்கு அது முடிந்திருக்கிறது.

பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இதில் நிதானமான வழி ஒன்றைக் காட்டியிருக்கிறது. தளம் தன் சொந்தக் கணக்குக்காக மட்டும், பெயர் தெரியாத புள்ளிவிவரமாக, வேறு தளங்களோடு இணைத்துப் பார்க்காமல் வருகையை அளந்தால் வாசகரிடம் ஒப்புதல் கேட்டுப் பெட்டி நீட்டத் தேவையில்லை என்பது அதன் விதி. குக்கிக்கு 13 மாதம், தரவுக்கு 25 மாதம் என்று வரம்பும் உண்டு. எண்ணுவதற்கும் பின்தொடர்வதற்கும் இடையே கோடு போட முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தளங்களின்மீதான கடமைகளில் பெரும்பகுதி அதிலிருந்து பதினெட்டு மாதத்தில் நடைமுறைக்கு வரும். குக்கி என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஆனால் எட்டாம் பிரிவு, தரவைத் திரட்டுபவர் தன் சார்பில் வேறொருவர் கையாளும் தரவுக்கும் தானே பொறுப்பு என்கிறது. இருவருக்கும் இடையே எந்த ஒப்பந்தம் இருந்தாலும் அந்தப் பொறுப்பு மாறாது. ஆஸ்திரியாவும் ஃபேஷன் ஐ.டி. தீர்ப்பும் வந்து நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் இதுவும் நிற்கிறது. ஒன்பதாம் பிரிவு இன்னும் கடுமையானது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்வதும் அவர்களது நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது. பள்ளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் குறிப்பிட்ட நோக்கங்களுக்கு மட்டும் விலக்குகள் இருக்கின்றன; பத்தாம் வகுப்பு வினாத்தாள் தளம் விளம்பர நிறுவனத்தின் பிக்சலை வைத்துக்கொள்ள அவை இடம்தருவதாக எனக்குத் தோன்றவில்லை. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

சட்டம் முழுமையாக வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பொறுப்பில் ஓர் இணையதளம் இருந்தால், இந்த வாரமே எஃப்12 அழுத்தி அதன் ஒவ்வொரு பக்கமும் யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள். தளம் கட்டித்தந்தவரைக் கூப்பிட்டு, எந்த நிரல் எதற்காக இருக்கிறது, கடைசியாக அந்த அறிக்கையை யார் திறந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்காத நிரலை எடுத்துவிடச் சொல்லுங்கள். நோய், கடன், வழக்கு, குடும்ப வன்முறை, குழந்தைகள் பற்றிய பக்கங்களிலிருந்து வெளியார் நிரல்கள் அனைத்தையும் முதலில் நீக்குங்கள். மற்றவற்றை அதன்பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.